கதவில்லாத அறை

கதவே இல்லாத அறையிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டபோது பொற்கொடி சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். மதியம் மூன்று மணி. தொண்டாமுத்தூர்த் தோட்டத்து வீட்டில் அந்நேரத்துக்குத் தென்னை ஓலைகூட அசங்காது. குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். மாடியில், மரத்தில் விரல்கணு படுகிற மெல்லிய சத்தம்.

அந்தக் கதவை, மகள் மதிவதனியின் கருமாதி முடிந்த மறுநாளே கணவர் தம்பிதுரை கழற்றித் தோட்டத்தில் போட்டு எரித்துவிட்டார். நான்கு மாதமாகிறது.

"ஏனுங்க, மேல ஆரோ தட்டறாப்பல இல்லீங்களா?"

கூடத்தில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. "மட்டை உழுந்திருக்கும் அம்மணி."

பீளமேட்டுக் கல்லூரி விடுதியிலிருந்து வந்த மகளின் பையில் போதை மாத்திரைகள் இருந்தன. பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றார் தம்பிதுரை. பொற்கொடிதான் கேட்கவில்லை. ஊருக்குத் தெரிந்தால்? அவர் தேங்காய் லோடோடு வெளியூர் போன அன்று, மகளை மாடி அறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

"தொறங்கம்மா. வாந்தி நிக்கவே மாட்டீங்குது. ஆஸ்பத்திரிக்கே போலாங்கம்மா."

"ரெண்டு நாளு பல்லக் கடிச்சுக்க கண்ணு. செரியாப் போயிரும்."

மாத்திரைக்காக நடிக்கிறாள் என்றே நினைத்தாள். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மூன்றாம் நாள் விடியலில் தட்டுவது நின்றதும், அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மறுபடி தட்டல்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி படியேறினாள். ஏற ஏற, எத்தனை முறை பினாயில் ஊற்றிக் கழுவியும் சுவரைவிட்டுப் போகாத அந்தப் புளித்த வாடை, வெயிலில் கொதித்த மொட்டைமாடியின் சூட்டோடு கலந்து வந்தது.

"கண்ணு?"

தட்டல் வேகமானது.

"வந்துட்டேன் சாமி. இந்தா, வந்துட்டேன்."

கடைசிப் படி. கதவில்லாத வெறும் நிலை. அதற்குள் மதிவதனி.

உதடு வெடித்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. அவை அம்மாவைப் பார்க்கவில்லை. மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் எதையோ பார்த்தன.

"தொறந்துதான் கண்ணு கெடக்குது. வா. வெளிய வா."

அவளுக்குக் கேட்கவில்லை. தோலுரிந்து எலும்பு தெரிந்த விரல்கணுக்களை மடக்கிக் கையை ஓங்கினாள். அம்மாவின் முகத்துக்கு நேரே, வெறும் காற்றில், மரம் அதிர்ந்தது.