கூற்றுகளை உண்மை என்றே கொள்க

"எல்லாக் கரண்டிகளும் மணிகள். எல்லா மணிகளும் ஆமைகள். பூங்குயில் ஒரு கரண்டி. ஆகவே, பூங்குயில் ஓர் ஆமை."

அன்சில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர் நாற்காலியில் இருந்த கோமதிநாயகமும் அதே கேள்வியில்தான் இருந்தான். இருவரும் 'முடிவு தொடர்கிறது' என்ற கட்டத்தைத் தொட்டார்கள். அவனுக்கு ஒன்பது நொடி, அவளுக்குப் பதினொன்று.

"ஆமையைப் பார்த்து மயங்கிட்டியா?" என்றான் நாயகம்.

"பூங்குயில் பாவம்னு ரெண்டு நொடி நினைச்சுட்டேன்."

தூத்துக்குடி நூலக மாடியில் காலை ஆறரைக்குத் தொடுதிரைப் பயிற்சிப் பலகைகள் விழித்துக்கொள்ளும். ஏழே முக்காலுக்குள் ஐம்பது தருக்கக் கேள்விகள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே வரி இருக்கும்: 'கூற்றுகள் அறியப்பட்ட உண்மைகளுக்கு முரணாக இருந்தாலும் அவற்றை உண்மை என்றே கொள்க.' ஆட்சிப் பணித் தேர்வுக்குத் தயாராகும் எவருக்கும் அந்த வரி மனப்பாடம். பயிற்சித் தரவரிசையில் முப்பதாயிரத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் தேர்வு நுழைவுச்சீட்டு. அன்சில்டா இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றாள். பள்ளியிலிருந்தே கூடப் படித்த நாயகம் பதினெட்டாயிரத்தில் இருந்தான். இருவருக்கும் வயது முப்பத்திரண்டு. அடுத்த ஆண்டு எழுத முடியாது.

நாயகம் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் இரவுக் காவல் பார்த்தான். வேலை முடிந்து நேரே நூலகத்துக்கு வருவான், பிறகு வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வரை தூங்குவான். பெற்றோர் விட்டுப்போன சின்ன வீடு. தனியாள்.

வியாழக்கிழமை அவன் பலகையைத் திறக்கவே இல்லை. கைப்பேசியை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினான்.

"வீட்டை எடுத்துக்கப் போறாங்களாம்."

கடல் ஏறி ஆறு தெருக்களை விழுங்கிய பிறகு, பூட்டிக்கிடக்கும் வீடுகளை எடுத்து வீடிழந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. அன்சில்டாவின் குடும்பத்துக்கும் அப்படித்தான் வீடு கிடைத்தது. எந்த வீட்டை எடுப்பது என்பதைத் 'தீர்மானி' என்ற கணினி முடிவுசெய்யும். காரணத்தை வரிசையாக எழுதிக் காட்டவும் வேண்டும். அது சட்டம்.

அவள் அதிலிருந்த உத்தரவைப் படித்தாள். மூன்று மாதம் மின்அளவி அசையாத வீடுகள் எல்லாம் ஆளில்லா வீடுகள். ஆளில்லா வீடுகள் எல்லாம் மீட்புக்கு உரியவை. 206ஆம் எண் வீடு மூன்று மாதம் மின்அளவி அசையாத வீடு. ஆகவே, 206ஆம் எண் வீடு மீட்புக்கு உரியது. அடியில் பொடி எழுத்தில்: 'அறுபது மனிதர்களால் சரிபார்க்கப்பட்டது. 11ஆம் தேதி, காலை 7.45.'

"மீட்டர் ஏன் ஓடல?"

"மாடியில பழைய சோலார் பலகை ஒண்ணு கிடக்கு, ஃபேன் அதுல ஓடும். ராத்திரி நான் வீட்லயே இல்ல. லைட்டு எதுக்கு?"

அன்சில்டாவின் கண் மறுபடி பொடி எழுத்துக்கே போனது. தீர்மானி தனியாக எதையும் முடிவுசெய்யக் கூடாது, மனிதர்கள் சரிபார்க்க வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த மனிதர்கள் யார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. சென்னையில் ஏதோ குளிரூட்டிய அறையில் இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். இப்போது மாடியைச் சுற்றிப் பார்த்தாள். வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை நாற்காலிகள்.

"நாயகம், போன பதினொண்ணாந் தேதி என்ன கேள்வி வந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"தினம் அம்பது வருது. எதைன்னு சொல்ல?"

"பூங்குயில்."

அவன் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கரண்டி இருந்த இடத்தில் மின்அளவி அசையாத வீடு, மணி இருந்த இடத்தில் ஆளில்லா வீடு என்று விரலை வைத்து வைத்துப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"நானும் தொடருதுன்னுதான் போட்டேன்," என்றான். "ஒம்பது நொடி."

இருவரும் போன மீட்பு அலுவலகத்தில் மெஹருன்னிசா என்ற அதிகாரி எதையும் மறைக்கவில்லை. யாரும் வந்து கேட்டதில்லை என்பதால் அவருக்கே சற்று ஆச்சரியம்.

"பேரை மாத்திக் கொடுத்தாத்தானே விருப்பு வெறுப்பு இல்லாம பார்ப்பீங்க? சொந்தக்காரன் வீடு, வேண்டாதவன் வீடுன்னு தெரிஞ்சா சரியா வருமா?"

"அப்ப கூத்து உண்மையான்னு..." பதற்றத்தில் அன்சில்டாவுக்கு நாக்கு குழறியது. "கூற்று உண்மையான்னு யார் பார்ப்பா மேடம்?"

"முடிவு தொடருதான்னு பார்க்கத்தாம்மா சட்டத்துல இருக்கு. நானும் இந்தத் தேர்வு எழுதித்தான் வந்தேன். இங்கயும் அதைத்தான் பார்க்கிறேன்."

முப்பது நாளுக்குள் மறுசரிபார்ப்புக் கேட்கலாம் என்றார். கேள்வி வேறு பெயர்களில் அதே அறுபது பேரிடம் திரும்பப் போகும்.

"தொடரலைன்னு போட்டா?"

"தப்பான விடைன்னு கழிச்சிடும். ஆனா விடையே போடாம விட்டா அதுக்குப் பேர் தயக்கம். அஞ்சுல ஒருத்தர் தயங்கினா, ஆள் நேர்ல போய்ப் பார்த்தாகணும். சட்டத்துல இருக்கிற பழைய பிரிவு. நான் வந்த பிறகு யாரும் தயங்கினதில்ல." பிறகு குரலைத் தணித்தார். "வெறுமையா விட்டா ரேங்க் ரொம்ப இறங்கும். யோசிச்சுக்கோங்க."

நாயகம் அங்கேயே மறுசரிபார்ப்புக்கு எழுதிக்கொடுத்தான். பன்னிரண்டு பேர் தயங்க வேண்டும். எந்த நாளில், எந்தப் பெயரில் வரும் என்று தெரியாது. அதனால் அந்த வடிவக் கேள்வி எது வந்தாலும் விட வேண்டும். மறுநாள் பயிற்சி முடிந்ததும் அன்சில்டா எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். கேட்டவர்கள் முதலில் தங்கள் பலகைகளைத்தான் பார்த்தார்கள்.

"அப்ப நாம ரெண்டு வருஷமா போட்டதெல்லாம்?" என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"எனக்கு இது கடைசித் தடவைக்கா. மன்னிச்சிருங்க," என்றான் ஒருவன். அவனைக் கோபிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அன்சி, நீ விட வேண்டாம்," என்றான் நாயகம் படியிறங்கும்போது. "விளிம்புல நிக்க. ஒரு நாள்லயே கீழ போயிருவ."

"ஒரு கேள்வியைப் பார்த்தா இனி என்னால கரண்டின்னு நினைக்க முடியலயே. என்ன செய்யச் சொல்ற?"

திங்கட்கிழமை வந்தது ஒரு கேள்வி: எல்லா ஊசிகளும் மேகங்கள். அவள் கை கட்டத்தின் மேல் நின்றது. நொடிகள் ஓடின. இந்த ஊசி யாராக இருக்கும்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே யாராவது தூங்குகிறார்களோ? கேள்வி தானாக மறைந்தது. அன்றே அவள் முப்பத்தோராயிரத்துக்கு இறங்கினாள். வாரம் முடிவதற்குள் நாற்பதாயிரம். நாயகமும் அவளோடு இறங்கினான். கணக்குப் பார்த்தபோது பதினேழு பேர் தயங்கியிருந்தார்கள்.

எட்டாம் நாள் பகல் நாயகத்தின் கதவைக் கள ஆய்வாளர் தட்டினார். தூக்கக் கலக்கத்தோடு அவன் திறந்தான். ஆய்வாளருக்கு ஐம்பது வயதிருக்கும். தெருவில் இறங்கி ஒன்பது ஆண்டு ஆகிறது என்றார். அவர் படிவத்தில் 'பூட்டப்பட்டுள்ளது', 'இடிந்துள்ளது' என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. ஓரத்தில் கையால் 'ஆள் இருக்கிறார்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

வீடு தப்பியது. ஆனால் அந்தப் பதினேழு பேர் விட்ட கேள்விகள் நாயகத்தின் வீட்டைப் பற்றியவை மட்டுமல்லவே. ஆய்வாளர் கையில் இன்னும் நாற்பத்து மூன்று முகவரிகள். கடல் ஏறிய பிறகு பாதித் தெருக்களுக்குப் பெயரும் எண்ணும் மாறிவிட்டதால் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவர் திண்டாடினார். அன்சில்டாவுக்கு அந்தத் தெருக்கள் எல்லாம் அத்துப்படி.

தேர்வு நாள் காலை. நூலக நண்பர்கள் ஊருக்கு வெளியே தேர்வுக்கூடத்து வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவள் ஆய்வாளருக்கு முன்னால் ஒரு முடுக்குச் சந்தில் நடந்துகொண்டிருந்தாள். அதுவரை ஆறு வீடுகள் பார்த்தாயிற்று. ஆறும் நிஜமாகவே பூட்டிக் கிடந்தன. தீர்மானி சொன்னது சரிதான்.

"ஏழாவது இதுதானாம்மா?" என்றார் அவர். "பார்த்தா இதுவும் காலி வீடு மாதிரிதான் இருக்கு."

கதவில் துரு. வாசலில் மணல் ஏறியிருந்தது. அன்சில்டா தட்டினாள். பதில் இல்லை. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்று மறுபடி தட்டினாள்.

உள்ளே எதையோ நகர்த்தும் ஓசை. அப்புறம் ஒரு குரல்.

"யாரு?"