காற்று எந்தப் பக்கம்?

காருக்குள் யாரோ கூழாங்கற்களைப் போட்டு அரைப்பது போலச் சத்தம் கேட்டது. கரகர, கரகர. பிறகு டக்கென்று ஓர் அடி. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

நண்டு வாசலுக்கு ஓடினாள். வீட்டு முன்னால் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த சின்ன மின்சாரக் காரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

நண்டு என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. எந்த இடுக்கைக் கண்டாலும் உள்ளே கையை விட்டுப் பார்ப்பதால் அப்பா வைத்த பட்டம். உருண்டு திரண்டிருந்த தம்பிக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அந்த அப்பா இப்போது பெரிய நகரத்து மருத்துவமனையில் படுத்திருந்தார். சித்தப்பா துணைக்கு இருந்தார். நாளைக் காலையில் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை.

"உள்ள போறதுக்கு முன்னாடி உங்க மூணு பேரையும் ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும்," என்று நேற்று போனில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போனை வைத்த பிறகு அம்மா ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் கிளம்புவதாகத் திட்டம். இப்போது கார் இப்படி நிற்கிறது.

அம்மா மெக்கானிக்குக்கு போன் செய்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காத்தாடி போயிருக்கும்மா. புதுசு வர ரெண்டு வாரம் ஆகும்," என்றார்.

"பஸ்ல போனா?" என்று நண்டு கேட்டாள்.

"முதல் பஸ் போய்ச் சேரவே மதியம் ஆயிடும். அதுக்குள்ள அப்பாவ உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க," என்றார் அம்மா.

"இன்ஜினே இல்லாத காருக்கு எதுக்கு காத்தாடி?" என்று பட்டாணி குறுக்கே புகுந்தான். "அதுக்கு என்ன வேர்க்குதா?"

"வேர்க்காது, சுடும்," என்றாள் நண்டு. "போன சார்ஜ் போட்டுக்கிட்டே விளையாடினா முதுகுப்பக்கம் சுடுதுல்ல? இதுல அந்த மாதிரி ஆயிரம் பேட்டரி இருக்கு."

அவள் சொன்னது சரிதான். மின்சாரம் உள்ளே ஏறும்போதும் வெளியே போகும்போதும் பேட்டரி சூடாகும். அதைச் சுற்றி மெல்லிய குழாய்களில் ஒரு திரவம் ஓடி, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு காரின் மூக்குப் பகுதிக்கு வரும். அங்கே சீப்புப் பல் போல நெருக்கமான தகடுகள் கொண்ட ஒரு சட்டம் இருக்கும். அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே அதில் புகுந்து சூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நின்று சார்ஜ் ஏற்றும்போதோ, மேட்டில் மெதுவாக ஏறும்போதோ அவ்வளவு காற்று ஏது? அப்போது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் காத்தாடி சுற்றி, காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்கும்.

அது சுற்றாவிட்டால் கார் பயந்துகொள்ளும். சார்ஜை வேகமாக வாங்காது. சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும். நகரத்துக்குப் போகும் வழியில் ஒரு முறை சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும். அரை மணியில் ஏற வேண்டியது அரை நாள் ஆகிவிடும்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "வாங்க, பழைய வண்டிக் கடைக்குப் போய்ப் பாக்கலாம்."

கடை தெருக்கோடியில் இருந்தது. நசுங்கிய கார்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. கடைக்காரர் தேடித் தேடி, பின்பக்கம் அப்பளமாகிப் போன அதே வகைக் கார் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"அடி பின்னாடிதான், தங்கச்சி. மூக்கு முழுசா இருக்கு," என்று அதன் காத்தாடியைக் கழற்றினார். "ஒரே விஷயம், இது உங்க வண்டிக்கு அடுத்த வருஷம் வந்தது. பிளக் பொருந்தாது. வயர வெட்டித்தான் சேக்கணும்."

இரண்டு வயர்களையும் ஒரு பேட்டரியில் வைத்துக் காட்டினார். காத்தாடி ஜம்மென்று சுற்றியது.

"மாட்டத் தெரியுமா? நான் கடையப் பூட்டிட்டு வர முடியாதே."

"தையல் மெஷினப் பிரிச்சு மாட்டுவேன், அண்ணே. இதுல எதெதத் தொடக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க. அதத் தொடமாட்டேன்."

கடைக்காரருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. கைவிரலை நீட்டிச் சொன்னார். "ஆரஞ்சு உறை போட்ட வயர் பக்கமே கை போகக் கூடாது. அது ஆளத் தூக்கி அடிக்கும். காத்தாடிக்கு வர்றது, தனியா இருக்கிற சின்ன பேட்டரி மின்சாரம்தான். ஆனா அதையும் நம்பாதீங்க. வண்டி தூங்குதுன்னு நெனப்போம், திடீர்னு காத்தாடி தானா சுத்தும். சார்ஜர உருவிட்டு, சின்ன பேட்டரியையும் கழட்டிட்டு அப்புறம் தொடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்படியே செய்தார். கார் சாவி பட்டாணியிடம் போனது.

"நான் கேக்குற வரைக்கும் யார்கிட்டயும் குடுக்காத."

"போலீஸ் கேட்டா?"

"குடுக்காத."

பட்டாணி சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான்.

அம்மா தரையில் ஒரு பழைய துணியை விரித்தார். தையல் சாக்கட்டியால் அதில் வரிசையாக வட்டங்கள் போட்டார். முதலில் கழற்றிய திருகாணி முதல் வட்டத்தில், அடுத்தது அடுத்த வட்டத்தில். திரும்ப மாட்டும்போது கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் போதும், எதுவும் மாறாது.

கீழே இருந்த ஒரு திருகாணிக்கு மட்டும் அம்மாவின் கை எட்டவில்லை. இடுக்கு குறுகலாக இருந்தது. விரல் முட்டி உரசித் தோல் வழன்றதுதான் மிச்சம்.

"நான் விடட்டுமா?" என்றாள் நண்டு.

அம்மா ஆரஞ்சு வயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார். அது அந்தப் பக்கமே இல்லை. "சரி. மெதுவா."

நண்டின் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கண்ணுக்குத் தெரியாத திருகாணியை விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். முதலில் அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை ஒரு நெம்பு நெம்பினாள். கிறீச் என்று இளகியது.

பழைய காத்தாடி மேலே வந்தது. ஓர் இறக்கை உடைந்து, மற்ற இறக்கைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது.

"பல்லு விழுந்திருக்கு," என்றான் பட்டாணி. "என்னை மாதிரியே."

கடையிலிருந்து வாங்கி வந்ததை அம்மா உள்ளே இறக்கினார். இனி வயர்தான் பாக்கி. காரிலிருந்து வந்த இரண்டில் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. காத்தாடியின் வயர்களோ இரண்டுமே கறுப்பு. ஒன்றில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தது.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "கோடு போட்டதுதான் சிவப்போட சேரும்," என்று சொல்லி இணைத்தார். டேப் சுற்றி, சின்ன பேட்டரியை மறுபடியும் பூட்டினார். "சாவியக் குடுடா."

"நீங்க யாரு?"

"டேய்!"

"குரல் சரியா இருக்கு," என்று பட்டாணி சாவியைக் கொடுத்தான்.

அம்மா காரை உயிர்ப்பித்து ஏ.சி.யைப் போட்டார். ஏ.சி. ஓடினால் அந்தக் காத்தாடியும் ஓடியாக வேண்டும். ஒரு நொடி. இரண்டு நொடி. விர்ரென்று சுற்றத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு அணைந்தது.

பட்டாணி காரின் மூக்குக்கு நேராகப் போய் நின்றான். முன்னுச்சி மயிர் பறந்தது. "அய்யோ, காத்து! மூஞ்சியில சூப்பரா அடிக்குது!"

அம்மா சிரித்தார். அப்பா மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நண்டு பார்க்கவே இல்லை.

அவளும் சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

மூஞ்சியில் ஏன் அடிக்கிறது?

காத்தாடி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. முன்னாலிருக்கும் காற்றை அது உள்ளே இழுக்க வேண்டும். அப்படியானால் பட்டாணியின் தலைமயிர் காரைப் பார்த்துச் சாய வேண்டும். அது பின்னால் அல்லவா பறக்கிறது?

நண்டு உள்ளே போய், அம்மா துணிக்கு அளவு வெட்டும் மெல்லிய காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து வந்தாள். காரின் மூக்கில் அதை வைத்துக் கையை எடுத்தாள். ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் பறந்து தெருவில் போய் விழுந்தது.

அம்மா தோல் வழன்ற முட்டியை ஊதிக்கொண்டு, துணியை மடித்துக்கொண்டிருந்தார். இன்னும் பை கட்ட வேண்டும். காத்தாடி சுற்றத்தானே செய்கிறது? விளக்கும் அணைந்துவிட்டது. பேசாமல் இருந்துவிடலாமா?

ஆனால் நாளைக்குப் பாதையில் எதிர்க்காற்று ஒரு பக்கம் தள்ளும், காத்தாடி மறுபக்கம் தள்ளும். நடுவில் பேட்டரி சுட்டுக்கொண்டே இருக்கும். அப்பா கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

"அம்மா."

"சொல்லுடி, கண்ணு."

"இந்தக் காத்து வெளிய வரணுமா, உள்ள போகணுமா?"

அம்மா காத்தாடியைப் பார்த்தார். பட்டாணியின் தலையைப் பார்த்தார். தெருவில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பா சேத்துட்டேனே," என்றார். "எனக்குத் தெரியாத வேலையில எறங்கியிருக்கவே கூடாது."

பட்டாணி பயந்துபோனான். "மறுபடியும் எல்லாத்தையும் பிரிக்கணுமா?"

நண்டு அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் இல்லடா. உன் பொம்மைக் கார்ல பேட்டரியத் திருப்பிப் போட்டா என்ன ஆகும்?"

"பின்னாடி ஓடும்."

"இதுவும் மோட்டார்தான். ரெண்டு வயரையும் மாத்திச் சேத்தா அந்தப் பக்கம் சுத்தும். அம்மா மத்ததெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்காங்க. ஒரு திருகாணிகூட மிஞ்சல, பாரு."

அம்மா மறுபடியும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு எழுந்தார். சாவி பட்டாணியின் பைக்குப் போனது. சின்ன பேட்டரி மறுபடியும் கழன்றது. கோடு போட்ட வயர் கறுப்போடு சேர்ந்தது, கோடில்லாதது சிவப்போடு.

இந்த முறை அம்மாவே காகிதத்தை எடுத்து வந்தார். காரின் மூக்கில் வைத்துக் கையை எடுத்தார்.

காகிதம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். பாதி வழியில் சார்ஜ் ஏற்றும்போது மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். காத்தாடி ஒரே சீராக ரீங்காரமிட்டது. சார்ஜ் மடமடவென்று ஏறியது.

ஆனாலும் மருத்துவமனையில் அவர்கள் ஓட வேண்டியிருந்தது. அதற்குள் ஊழியர்கள் அப்பாவைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு நீளமான நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா இளைத்திருந்தார். மூன்று பேரையும் பார்த்ததும் கண் கலங்கினார்.

"ஏன்டி நண்டு, கையெல்லாம் கறுப்பு?"

"காத்தாடி மாத்தினோம்பா!"

"யாரு, நீங்களா? எப்படி?"

நண்டு கட்டிலோடு கூடவே நடந்தபடி சொல்லத் தொடங்கினாள். கரகர சத்தம், சாக்கட்டி வட்டம், எட்டாத திருகாணி. அப்பா அவள் கையை விடவில்லை. காகிதம் பறந்த இடத்துக்கு வந்தபோது கதவும் வந்துவிட்டது.

"இதுக்கு மேல வரக் கூடாது, பாப்பா," என்றார் செவிலியர்.

கதவு மூடியது. அதன் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா இரண்டு பேரின் கைகளையும் தன் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குப் பிறகுதான் அணைந்தது. மருத்துவர் வெளியே வந்து சிரித்தபடி தலையசைத்த பிறகுதான் அம்மா அழுதார்.

அப்பாவைப் பார்க்கக் குழந்தைகளை மூன்றாம் நாள்தான் விட்டார்கள். நண்டு சத்தம் போடாமல் கட்டிலருகே போய் நின்றாள். அப்பா மெல்லக் கண்ணைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. தண்ணீர் கேட்கிறாரோ என்று அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"காகிதம் பறந்துடுச்சு," என்றார் அப்பா. "அப்புறம்?"

நண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.