‘மி’யில் தொடங்கும் பாட்டுகள்

என் தங்கை மேனுஜா டேனிஷ் நகரமான வைலேயில் வாங்கிய வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு நவம்பரில், பால் காய்ச்சும் நாளில். மேட்டுச் சரிவில் சிவப்புக் கல் வீடு. கீழே குடாக்கடல் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. கதவைத் திறந்ததும் காய்ந்த தோடம்பழத் தோலின் மணம், ஆரஞ்சுக்கே உரிய அந்தப் புளிப்பு மணம், வந்தது. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

தங்கையின் கணவன் தாரகன் பல்லெல்லாம் தெரிய வீட்டைச் சுற்றிக் காட்டினான். பார்த்த வீடெல்லாம் வேறு ஆட்களுக்குப் போய், கடைசியில் கிடைத்த வீடு அது. விற்றவர் பிரேபென் என்ற வயதான டேனிஷ்காரர். அவருடைய மனைவி யப்பான்காரி, காலமாகிவிட்டார். கூடத்துச் சுவரோடு சேர்த்து அடித்த அலுமாரியில் அந்த அம்மாவின் இசைத்தட்டுகள் அப்படியே அடுக்கியிருந்தன. பக்கத்தில் தட்டுப் போடும் பெட்டி. அதன் வயரை யாரோ அடியோடு வெட்டியிருந்தார்கள்.

“உதை எடுத்து எறியேல்லையோ?” என்று கேட்டேன்.

“கிழவற்றை ஆசை, அக்கா. கிடக்கட்டும்,” என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதம். மிதுஷா என்று பெயர். எங்கள் வழக்கப்படி பிறந்த நட்சத்திரத்துக்குச் சாத்திரியார் ஓர் எழுத்துச் சொல்வார். அந்த எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் கந்தையா சாத்திரியாரோடு தொலைபேசியில் கதைத்தது தாரகன்தான். ‘மி’ என்று வந்து சொன்னான். மேனுஜா வயிற்றில் சுமந்த காலமெல்லாம் வேறொரு பெயரை ஆசையாக நினைத்து வைத்திருந்தாள். சொன்னால் கண்பட்டுவிடும் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லது என்றால் என் ஆசை என்ன பெரிசு என்று அதை விட்டுக்கொடுத்தாள்.

பால் காய்ச்சியதும் திரும்பிய நான், பத்து நாள் கழித்து அவளுக்குத் துணையாக மறுபடி வந்து சில நாள் தங்கினேன்.

இந்த நாட்டில் குளிரிலும் பிள்ளையை நன்றாகச் சுற்றி, வண்டிலில் வெளியே படுக்க வைப்பார்கள். நல்ல நித்திரை வரும் என்று தாதிமாரே சொல்வார்கள். மேனுஜாவும் பின்வளவு அப்பிள் மரத்தடியில் வண்டிலை விட்டு, பேபி அலாமை அதற்குள் வைப்பாள். மற்றப் பெட்டி குசினி மேசையில் இருக்கும். பிள்ளை சிணுங்கினால் இங்கே கேட்கும்.

நான் வந்த முதல் நாள் பின்னேரம் நாங்கள் குசினியில் சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கே வெளிச்சம் வற்றிக்கொண்டு வந்தது. பெட்டியில் ஒரு பெண்குரல் கேட்டது. மெல்லிய குரல், ஆறுதலாகப் பாடியது. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

மேனுஜாவின் கத்தி நின்றது.

“உதைத்தான் போனிலை சொன்னனான், அக்கா. ஒவ்வொரு நாளும் இருட்டேக்கை வரும். பக்கத்து வீட்டு ரேடியோ உதுக்குள்ளை விழுகுதாக்கும்.”

நான் யன்னலால் பார்த்தேன். மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

வண்டில் ஆடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினோம். பக்கத்தில் யாருமில்லை. பிள்ளை விழித்திருந்து, வண்டிலின் தலைமாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கம்பளிப் போர்வையில் தோடம்பழத் தோல் மணத்தது.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி என் போனில் இருக்கிறது. மறுநாள் வண்டிலை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். இருட்டியதும் பாட்டு அப்போதும் வந்தது. போனைப் பேபி அலாமின் அருகே பிடித்தேன். ‘மிகான் தோ யூகி’ என்று காட்டியது. தோடம்பழமும் பனியும் என்று பொருளாம். அதற்கு அடுத்த நாள் ‘மிசு நோ ஆஷிஓத்தோ’. தண்ணீரின் காலடிச் சத்தம்.

மேனுஜா அந்தப் பெயர்களைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய் அலுமாரியைத் திறந்தாள். இசைத்தட்டு உறைகளை ஒவ்வொன்றாக எடுக்க, நான் போன் கமராவால் பெயர்களை மொழிபெயர்த்து வாசித்தேன்.

எல்லாம் ‘மி’.

துறைமுகத்தைப் பற்றிய பாட்டு, வீதியைப் பற்றிய பாட்டு, காதைப் பற்றிய பாட்டுக்கூட இருந்தது. வேறு எழுத்தில் தொடங்கும் பாட்டு ஒன்றுகூட அந்த அலுமாரியில் இல்லை.

“என்ரை பிள்ளையின்ரை எழுத்து,” என்றாள்.

ஏதாவது சாந்தி செய்ய வேண்டுமோ என்று கேட்க, அவளே சாத்திரியாருக்கு அடித்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மனுசன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, உங்கட மகளுக்குச் சித்திரை நட்சத்திரமெல்லோ. எழுத்து ‘ர’. உங்கட மனுசனிட்டை அண்டைக்கே வடிவாச் சொன்னனான்.”

“ ‘மி’ இல்லையோ, ஐயா?”

“ ‘மி’ மகத்துக்கு வாற எழுத்து. உங்களுக்கு ஆர் உப்பிடிச் சொன்னது?”

மேனுஜா போனை வைத்தாள்.

தாரகன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே கேட்டாள். அவன் முதலில் மழுப்பினான். பிறகு கூடத்து அலுமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அந்த யப்பான் மனுசிக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்ததாம். மிஹோ எண்டு பேர். கைக்குழந்தையா இந்த வீட்டிலைதான் செத்தது. பிறகு மனுசி அந்தப் பேரின்ரை முதல் எழுத்திலை தொடங்கிற பாட்டாத் தேடித்தேடி வாங்கி, இருட்டினாப் போட்டுப் பாடிக்கொண்டிருப்பாவாம். பொறுக்கேலாமல் கிழவர் வயரை வெட்டினவர். மனுசி செத்தாப் பிறகும் பாட்டு நிக்கேல்லை எண்டார். அந்த எழுத்திலை ஒரு பிள்ளை வந்தால் மனுசி ஆறுவா, அப்பிடி ஆக்களுக்குத்தான் வீடு தருவன் எண்டு நிண்டிட்டார்.”

“நீங்கள் ஓம் எண்டிட்டீங்கள்.”

“ஒரு எழுத்துத்தானே, மேனுஜா.”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

“நான் தனியப் பிள்ளையோடை இருந்தனான். இஞ்சை என்ன இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டு நீங்கள் ஒவ்வொரு நாளும் எங்களை விட்டிட்டு வேலைக்குப் போனீங்கள்.”

உண்மையைச் சொன்னால், அந்த யப்பான்காரிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெற்றதைப் பறிகொடுத்தவள், அவளுக்கு யார் என்ன சொல்ல முடியும். கோபமெல்லாம் தாரகன்மேல்தான். பெற்ற தகப்பன் பிள்ளையின் பெயரைக் கொண்டுபோய் ஒரு வீட்டுக்கு ஈடு வைத்திருக்கிறான்.

அப்போதே புறப்பட்டோம். பிள்ளையை அணைத்துக்கொண்டு மேனுஜா கூடத்தைக் கடந்தாள்.

தட்டுப் பெட்டி சுழலத் தொடங்கியது.

வயர் வெட்டிய பெட்டி.

தட்டு இல்லை, ஊசி இல்லை. வெறும் வட்டம் சத்தமில்லாமல் சுற்றியது. தோடம்பழத் தோலின் மணம் கூடம் முழுக்க நிறைந்தது. நாங்கள் வாசலுக்கு ஓடினோம். தாரகன் எங்களோடு வரவில்லை. அலுமாரியின் முன்னால் தலைகுனிந்து நின்றான். கார் கண்ணாடியில், திறந்து கிடந்த கதவினூடே நான் கடைசியாகப் பார்த்தபோதும் அப்படியேதான் நின்றான்.

விபோர்க்கில் என் வீட்டில் பிள்ளை நன்றாக உறங்கியது. மாலைகள் சத்தமில்லாமல் கழிந்தன. மேனுஜா பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. செல்லம், குஞ்சு என்று சமாளித்தாள். அந்த ஆசைப் பெயரை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு இன்னும் பயம். நானும் அவசரப்படுத்தவில்லை. புதிதாக ஒரு பேபி அலாம் வாங்கிக் கொடுத்தேன். பழையதை வைலேயிலேயே விட்டு வந்திருந்தோம்.

நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்டத்தில் ஒரு பின்னேரம் தாரகன் போன் எடுத்தான். மேனுஜா ஸ்பீக்கரில் போட்டாள். அவன் குரல் இறங்கியிருந்தது. திரும்பி வரச்சொல்லிக் கேட்பான், மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன்.

“பிள்ளையை இப்ப என்னெண்டு கூப்பிடுறீர்? அதை மட்டும் சொல்லும்.”

“உங்களுக்கு ஏன்?”

“தகப்பனெல்லோ. பேர் தெரியாமல் இருக்கேலுமோ?”

மேனுஜாவுக்குக் கண் கலங்கியது. அந்தச் சொல்லுக்கு அவள் இளகியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

“அந்த எழுத்து இனி இல்லை. கவிஷா. நான் அப்பவே நினைச்சு வைச்ச பேர்,” என்றாள்.

நானும் அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டேன்.

“கவிஷா,” என்றான் தாரகன்.

பிறகு இன்னொரு முறை, போனிலிருந்து முகத்தைத் திருப்பி யாருக்கோ எடுத்துச் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னான்.

“க-வி-ஷா.”

தொடர்பு அறுந்தது.

மறுநாள் இருட்டும்போது நாங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளை அறைக்குள் நித்திரை. நான் வாங்கிய புதுப் பெட்டி மேசையில் இருந்தது.

முதலில் மணம் வந்தது.

பிறகு பாட்டு.

நான் போனை எடுத்துப் பெட்டியருகே பிடித்தேன். விரல் வழுக்கியது. நீல வெளிச்சத்தில் பாட்டின் பெயர் வந்தது.

‘கவா நோ முகோ நோ ஹஹா.’

ஆற்றுக்கு அப்பால் நிற்கும் தாய்.

மேனுஜா முதல் எழுத்தை மட்டும் பார்த்தாள். அதற்குமேல் அவள் வாசிக்கவில்லை. இது எப்படி இங்கே வந்தது என்று அவள் என்னைக் கேட்கவும் இல்லை.

“சொல்லிக் குடுத்திட்டார், அக்கா,” என்றாள்.

உள்ளே பாட்டு நின்றது. பழக்கமில்லாத ஒரு நாக்கு மெதுவாக எழுத்துக்கூட்டிப் பழகியது.

“கா… வி… ஷா.”

பிள்ளை சிரித்தது.