இரண்டு தாவல்

பேட்டரியைக் கழற்றி அவளே பீரோவுக்குள் பூட்டி வைத்த கைக்கருவி, கணினித் திரையில் உயிரோடு இருந்தது. 'கை: இரண்டு தாவல்' என்று காட்டியது.

சாயங்கால மழை ஜன்னலில் சடசடத்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குட்டிக் கணினியையும், அதன் முதுகில் ஏறி உட்கார்ந்த ரேடியோப் பலகையையும் சேர்த்துப் பொருத்தியது அவள் கணவர்தான். கம்பிக்காரர் என்று தெருவே கேலி பேசும், மனிதர் சிரித்துக்கொள்வார். போன் எட்டாத மலைக்கும் வீட்டுக்கும் அவர் வைத்தவை மூன்று பெட்டிகள். மலையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிமேல் ஒன்று, வீட்டில் ஒன்று. கைக்கருவியில் எழுதினால் செய்தி பெட்டிக்குப் பெட்டி தாவி வரும். மலையிலிருந்து இரண்டு தாவல். தொட்டிப் பக்கமிருந்து ஒன்று. வாசலில் நின்றால் பூஜ்யம்.

மூன்று மாதம் முன்பு, கொட்டுகிற மழையில் மலைப் பெட்டிக்குப் பேட்டரி மாற்றக் கைக்கருவியோடு கிளம்பினார். "பொண்டாட்டி பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு விரதமா?" என்று கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் போனபின் அதே கோபத்தில் மேஜையைத் துடைத்தாள். வீட்டுப் பெட்டியின் ஆன்டெனாவைக் கழற்றித் துடைத்தவள், மாட்ட மறந்து கரண்ட் கொடுத்தாள். ஆன்டெனா இல்லாமல் ஓடினால் ரேடியோ கருகிவிடும் என்று அவர் நூறு தடவை சொல்லியிருந்தார். கருகித்தான் போனது. அங்கே மலையில் அவர் பெட்டி இருந்த கம்பத்திலிருந்து விழுந்து, வீட்டுக்குச் செய்தி எட்டாமல் இரண்டு நாள் கிடந்து செத்தார்.

"இடி இறங்கியிருக்கும் அண்ணி" என்றான் கொழுந்தன், இன்று புது ரேடியோவை மாட்டிக் கொடுத்தபோது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. அவளும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

டிங்.

'கால் ஒடிஞ்சிருச்சு. பயப்படாத.'

கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"பழைய மெசேஜ் அண்ணி. நடுவுல ஏதாவது பெட்டி தேக்கி வச்சிருக்கும். இப்பதானே வழி திறந்திருக்கு."

"ரெண்டு தாவல்னு காட்டுதே தம்பி."

"மலைப் பெட்டியப் போன மாசமே கழட்டிட்டேனே. நான் கிளம்பி வர்றேன். கதவைச் சாத்திக்கிட்டு இருங்க."

டிங். ஒரு தாவல்.

'தாகமா இருக்கு.'

பீரோவைத் திறந்தாள். கருவி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பேட்டரிக் குழி காலி. ஆனால் துணிகளுக்கு நடுவே ஈர மண் வாசம் அடித்தது, காலையில் அது இல்லை.

மழை நின்றது. ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

டிங். பூஜ்யம்.

'பதிலே இல்ல. இன்னும் கோபமா?'

அந்த ஒரு கேள்வியில் அவள் நொறுங்கிப் போனாள். இரண்டு நாளும் இப்படி நினைத்துக்கொண்டா கிடந்தார்? பாவி, பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு எழுதினாள். 'கோபம் இல்லீங்க. நான்தான் ஆன்டெனாவ மாட்டல. நான்தான்.'

வாசல் படிகளில் சத்தம் கேட்டது. காலடி இல்லை. எதையோ இழுக்கிற சத்தம். ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

தட்டல்.

கதவின் அடியில். எழுந்து நிற்க முடியாதவர் தட்டும் உயரத்தில்.

ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். கதவுக்குக் கீழிருந்த சந்தில் விரல்கள் நுழைந்தன. மண் அப்பியவை. ஊறி வெளுத்தவை. அவை மெல்ல மல்லாந்தன.

அழுதுகொண்டே ஊற்றினாள். விரல்கள் இழுத்துக்கொண்டன. கதவுக்கு அந்தப் பக்கம் உறிஞ்சும் சத்தம். மறுபடி வந்தன. ஊற்றினாள். மறுபடி.

டம்ளர் காலி. விரல்கள் விரிந்தபடியே இருந்தன.

மேஜையில் டிங் என்றது.

'இன்னும்.'