பன்னிரண்டு பத்துக்கு வந்த பானை

ஞாயிறுதோறும் விகாரைக்கு வரும் பெரியவர்கள் பதினாறு பேர். சிறுமி ஒருத்திதான். அவளுடைய பட்டப்பெயர் வாயாடி. அங்கே அவளோடு வாயாட ஒருவரும் இல்லை.

எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. தன் வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வாயாடி மாடிப்படி ஏறினாள். அவர்கள் அலமாரியில் புத்தர் சிலை இருந்தது.

"எங்க விகாரையிலயும் புத்தர் இருக்காரு! ஞாயித்துக்கிழமை மதியம் பிக்குவுக்குச் சாப்பாடு குடுப்போம். நீங்களும் வாங்க ஆன்ட்டி."

அந்தப் பெண்ணின் அம்மா தையல்காரர். ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார். "நாங்களும் பௌத்தம்தான், ஆனா வேற மரபும்மா. கும்பிடுறதே வேற மாதிரி. யாரும் ஏதும் நினைக்க மாட்டாங்களே?"

"அதெல்லாம் மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பிக்கு சாப்பிட உட்கார்ந்தார். வாயாடி வாசலையே பார்த்தாள். யாரும் வரவில்லை. மற்றவர்களும் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு அடித்தது. பிக்குவின் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

அப்போதுதான் தையல்காரர் வந்தார். கையில் பெரிய பானை. பின்னால் அவர் மகள்.

வாயாடியின் அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். சுவரை நிமிர்ந்து பார்த்தார். "பன்னெண்டு பத்து."

"மதியம்னு சொன்னாங்க..."

"பன்னெண்டுக்கு மேல எங்க பிக்கு சாப்பிட மாட்டாரும்மா. இனி நாளைக்குக் காலையிலதான்."

"எங்க மடத்துல சாயங்காலமும் சாப்பிடுவாங்க." தையல்காரரின் குரல் இறங்கியது. "காலையிலேருந்து கொதிக்க வெச்ச காளான் சூப்."

"வாம்மா, போயிடலாம்," என்றாள் மகள்.

வாயாடி வாசலை மறித்து நின்றாள். இப்போது போனால் இனி வரவே மாட்டார்கள்.

"தப்பு என்னோடது," என்றாள் சத்தமாக. "நான்தான் நேரம் சொல்லல. நமக்குத் தெரிஞ்சது அவங்களுக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பன்னெண்டு மணி பிக்குவுக்குத்தானே? நமக்கு இல்லையே?" வாயாடி ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "ஆன்ட்டி, ஊத்துங்க."

"இப்பத்தானே மூணு தட்டு உள்ள தள்ளுன?" என்றார் அப்பா.

"ரெண்டரை."

குடித்தாள். கண்கள் விரிந்தன. "அப்பா, குடிச்சுப் பாருங்க. அப்புறம் கேட்டா கிடைக்காது."

அப்பா ஒரு கிண்ணம் குடித்தார். இரண்டாவது கிண்ணத்தை அவரே கேட்டு வாங்கினார். பிறகு மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். பானை காலியானது.

தையல்காரர் பிக்குவின் முன் மண்டியிட்டு, உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்து வணங்கினார். அங்கே யாரும் அப்படி வணங்கியதில்லை. பிக்கு சிரித்தார்.

"ரொம்ப நன்றிம்மா. எங்க ஆளுங்க வயிறு நிறைஞ்சது."

"உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லாம போச்சு."

"யார் சொன்னா? வாசனைக்கு மணி பார்க்கணும்னு எந்த விதியும் இல்லையே."

தையல்காரர் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். பிக்குவின் முன் முதலில் போனது அந்தப் பானைதான். தையல்காரர் வாயாடிக்கு உட்கார ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொண்டுவந்திருந்தார். அதே துணியில் தன் மகளுக்கும் ஒன்று. இரண்டையும் ஒட்டிப் போட்டார்கள்.

பிக்கு பேசத் தொடங்கினார். பின்வரிசையில் குசுகுசுவென்று சத்தம்.

"உஷ்!" என்றார் அப்பா.

விகாரையில் வாயாடியை ஒருவர் அதட்டுவது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.