மஞ்சள் லேபிளில் இருந்த எண்

மூச்சு இயந்திரத்தின் பச்சை விளக்கு மஞ்சளாகியிருந்தது.

பிற்பகல் மூன்று மணி. அக்காவின் கட்டிலை ஒட்டி மேசை போட்டு அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் புஸ்ஸென்று காற்றைத் தள்ளி, டொக்கென்று நின்று, மறுபடி புஸ்ஸென்றது. இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தமும், சூடான பிளாஸ்டிக் வாசனையும், மருந்துப் பஞ்சின் நெடியும் வீட்டோடு வீடாகிப்போயிருந்தன. விளக்கின் நிறம் மட்டும் புதிது.

"எலி, தட்டுற சத்தத்தைக் காணோமே. தூங்கிட்டியா?" என்றாள் அக்கா. மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேசுவாள். தட்டச்சுச் சத்தம் எலி கொறிப்பது போலிருப்பதால் தங்கைக்கு அவள் வைத்த பேர் எலி.

"இல்லக்கா. மெஷின் லைட் மஞ்சளா எரியுது."

"அதுக்குக் காமாலை போல."

அவள் சிரித்துவைத்தாள். பிறகு அலுவலகப் பக்கத்தைத் திறந்தாள்.

எந்த எண்ணிலிருந்து திருட்டு நடக்கிறது, எந்த முகவரியை அடைக்க வேண்டும் என்று, ஊரின் தொலைபேசி, பூட்டு, மின்சாரம் எல்லாவற்றையும் தாமே இயக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் ஒன்றுக்கொன்று எச்சரித்துக்கொள்ளச் சில கருவிகள் இருந்தன. அவற்றுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. அதைப் படிப்பது மனிதர்கள் அல்ல, ஏஜென்ட்டுகள்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது. யாரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

இன்றைய எச்சரிக்கைகளில் முதலாவதாக ஒரு பன்னிரண்டு இலக்க எண் இருந்தது. பார்த்த எண். தலையைத் தூக்கினாள். எதிரே, இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் லேபிளிலும் அதே பன்னிரண்டு இலக்கம்.

உறுதிசெய்த ஏஜென்ட்டுகள்: 412. ஆதாரம் என்ற இடத்தில் ஒவ்வொன்றும் இன்னொன்றைக் கைகாட்டியிருந்தது. பின்னாலேயே போனாள். கடைசியில் அவளுடைய கையேடு வந்தது. மூன்றாம் அத்தியாயம், எடுத்துக்காட்டு.

எடுத்துக்காட்டுகளுக்கென்றே யாருக்கும் சொந்தமில்லாத எண்கள் ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பட்டியலைத் திறக்கச் சோம்பல். லேபிள் கண்ணெதிரே இருந்தது. எண்ணையும் வீட்டு முகவரியையும் போட்டுவைத்தாள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்றவில்லை. போன வாரம் கையேடு வெளியாகிவிட்டது.

எடுத்துக்காட்டின் முடிவில் கருவி தரும் பதிலையும் அவளே எழுதியிருந்தாள். நான்கு வரி.

தொலைபேசி: துண்டிக்கப்பட்டது.
கதவு: பூட்டப்பட்டது.
மின்சாரம்: நிறுத்தப்பட்டது.
முகவரியில் இயங்குபவை: 0.

அலுவலகத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் திருத்துவதால் கமா சார் என்று பெயர் வாங்கிய மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

"எச்சரிக்கையை ரத்து பண்றதுக்குக் கருவி இருக்கேம்மா. அஞ்சாவது அத்தியாயம், நீதானே எழுதின?"

"முதல்ல புகார் சொன்ன ஏஜென்ட்தான் ரத்து பண்ண முடியும் சார்."

"அது யாரு?"

"யாருமில்ல சார். எடுத்துக்காட்டுக்கு நானா வச்ச பேரு."

"சரி, நான் நேராவே மெஷின் குடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயி..."

அத்தோடு இணைப்பு அறுந்தது. மறுபடி அழுத்தினாள். ஒலியே இல்லை. திரையில், இயந்திரத்தின் எண்ணுக்குக் கீழே, கமா சாரின் எண் வந்து உட்கார்ந்தது. தொடர்புடையவர்.

கையேட்டைத் திறந்து எழுதினாள்: இது எடுத்துக்காட்டு மட்டுமே, உண்மை அல்ல. அரை நிமிடத்தில் 412 என்பது 9,060 ஆனது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். ஏழாம் அத்தியாயம். ஆபத்தான முகவரியிலிருந்து வரும் மறுப்பை நம்ப வேண்டாம், அபாய நிலையை ஒரு படி உயர்த்தவும். நல்லா வந்திருக்கும்மா என்று கமா சார் பாராட்டிய ஒரே பத்தி அது.

வாசலில் கடக் என்றது.

ஓடினாள். எண் பூட்டு சிவப்பாக எரிந்தது. குடும்பமே மனப்பாடமாகச் சொல்லும் நாலு இலக்கம். அழுத்தினாள். மறுபடி. தோளால் இடித்தாள். இரும்புக் கதவு அசையவில்லை.

ஜன்னலுக்கு வந்தாள். நாலாவது மாடி. கீழே ஒரு பெண் பைகளோடு போய்க்கொண்டிருந்தாள். இவள் வாழ்நாளில் கத்தியதே இல்லை. கத்தினாள். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். நின்றாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த போன் எச்சரிக்கை ஒலியோடு அதிர்ந்தது. அதைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், எதிர்ப்பக்கத்துக்குப் போய் வேகமாக நடந்தாள்.

மின்விசிறி நின்றது. குளிர்பெட்டியின் முனகல் நின்றது.

புஸ். டொக்.

அடுத்த புஸ் வரவில்லை.

"அப்பாடா," என்றாள் அக்கா. "எவ்ளோ அமைதியா இருக்கு."

அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. கால் மணி நேரம் தாங்கும். குழாயை மாற்றிப் பொருத்தினாள். சிலிண்டரின் அளவு முள் மெல்ல இறங்கியது.

"எலி. ஏன் அழறே?"

"ஒண்ணுமில்லக்கா. பேசாதே. கம்பியில தட்டு. நான் கேட்டுட்டே இருக்கேன்."

அக்கா கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டினாள். டிக். டிக். டிக்.

அவள் திரைக்குத் திரும்பினாள். அனுப்பக்கூடிய இடத்துக்கெல்லாம் எழுதினாள். எழுதிய ஒவ்வொரு பெயரும் பட்டியலில் ஏறியது. தொடர்புடையவர். தொடர்புடையவர்.

எடுத்துக்காட்டில் எழுதிய அந்த நான்கு வரியும் இப்போது திரையில் இருந்தன; கடைசி வரி மாறத் தொடங்கியிருந்தது. முகவரியில் இயங்குபவை: 5. கடிகாரம் நின்றது. 4. பூட்டின் சிவப்பு அணைந்தது. கதவு திறக்கவில்லை. 3. கையிலிருந்த போன் இருண்டது. 2.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். கணினி அலுவலகத்துடையது, பேட்டரியிலும் அலுவலக இணைப்பிலும் ஓடுவது, இந்த முகவரிக் கணக்கில் வராது. மற்றதெல்லாம் அணைந்துகிடந்தது. எல்லாமே.

இரண்டு.

டிக். டிக்.

முள் சிவப்பைத் தாண்டியிருந்தது.

டிக்.

அவள் காத்திருந்தாள். சூடான பிளாஸ்டிக் வாசனை மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில்.

திரையில் 1.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எடுத்துக்காட்டில் அந்த வரி எப்படி முடிகிறது என்று அவளுக்குத் தெரியும்.