ஷட்டருக்குள் இருந்தவர்

மெர்சிக்கு வலது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. அப்படி ஒரு வலி. இடது கையாலேயே டீ டம்ளரை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டவர் ராஜமாணிக்கம். ரயில்வே போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு சிக்கல் என்றால் அவரிடம்தான் ஓடுவார்கள். கூடவே வந்திருந்த உதவியாளன் சாலமோன், கேள்வி வருவதற்கு முன்பே பதிலோடு உட்கார்ந்திருந்தான்.

"பேஜாரா கீது சார்," என்றான் மெர்சியின் கணவன் எபினேசர். புதுவாயலில் பழைய இரும்பு வியாபாரம் அவனுக்கு. "நேத்து சாயங்காலம் பின்னாடி குடோனைத் தெறந்தா, எவனோ ஒருத்தன் மயங்கிக் கெடக்கறான். ஆஸ்பத்திரில சேத்துக்கிறாங்க. வெளியே பூட்டு, சாவி என்னாண்ட. நான்தான் கொல்லப் பாத்தேன்னு ஸ்டேஷன்ல சொல்றாங்க. இன்னிக்கு சாயங்காலம் வரச் சொல்லிக்கிறாங்க."

"திருட வந்தவன் மாட்டிக்கினான், அவ்ளோதான்," என்றான் சாலமோன்.

"வெளிப்பூட்டை அவனே பூட்டிக்கினானா?" ராஜமாணிக்கம் டீயை ஊதினார். "குடோனைப் பாத்துட்டுதான் வரேன். அமுக்குனா பூட்டிக்கிற பூட்டு. சாவியே வேணாம். ஆனா துருப்பிடிச்ச ஷட்டரு, தொங்கி இழுத்தாதான் எறங்கும். அப்பால, அடியில இருக்கற சந்துல ஒரு தண்ணி பாட்டிலைத் தள்ளிக்கிறாங்க. பூட்டுனவங்களுக்கே மனசு கேக்கல."

சாலமோனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வார்டுபாய்.

"அவுரு கண்ணு முழிச்சிட்டாரா?" என்றாள் மெர்சி.

ராஜமாணிக்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாங்கல்லாம் அவன் அவன்னு பேசிக்கினு இருக்கோம். நீ மட்டும் அவுருன்றியேம்மா. திருடனுக்கு யாரு மரியாதை குடுப்பாங்க? அந்தத் தோள்பட்டை வேற."

வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து வாசலை அடைத்து நின்றது. வீடு இருண்டது.

"மொதல்ல எனக்குத் தாலி கட்டுனவன்," என்றாள் மெர்சி கடைசியில். "பேரு சொல்லக் கூடாது, அவுருன்னுதான் சொல்லணும்னு மாமியார் அடிச்சுப் பழக்குனது. செங்கல் சூளைல முன்பணம் வாங்கிக்கினு, என்னை அடமானமா உட்டுட்டு ஓடிட்டான். கூடக் கல்லு அறுத்து செத்துப்போன பொண்ணு மெர்சி. அவ பேரைப் போட்டுக்கினு தப்பிச்சேன். நேத்து காலைல வந்து நிக்கறான், திரும்பச் சூளைக்குக் கெளம்புன்னு. குடோன் தெறந்துதான் கெடந்துது. உள்ள இருங்க, துணி எடுத்தாறேன்னேன். ஷட்டரை இழுத்துட்டேன். சாவட்டும்னுதான் இழுத்தேன். மத்தியானம் தகரம் காஞ்சுது. தண்ணி கேட்டாரு. குடுத்தேன். தெறக்கல."

சாலமோன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"ஸ்டேஷனுக்கு யாரு வரப் போறீங்க?" என்றார் ராஜமாணிக்கம்.

"நான்தான். இவுருக்கு ஒண்ணும் தெரியாது."

எபினேசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ உன் பேரு இன்னா?"

அவள் வாயைத் திறந்தாள். சூளையில் அந்தப் பேரைச் சொல்லி அதட்டிக் கூப்பிட்ட குரல்தான் காதுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். செருப்பைத் தேடி மாட்டினாள்.

இத்தனை நாள் கூட வாழ்ந்த எபினேசருக்கு அவள் தர வேண்டியது அந்த ஒரு பெயர்தான். அது இன்னும் பாக்கி.